நெருப்பு என்று பேர் வைத்தவர்கள்

ராமேசுவரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் பத்து நாள் இறங்காமல் நின்றால் டைபாய்டு என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதே கிருமி கடலைத் தாண்டி நெடுந்தீவுக்கோ ஊர்காவற்றுறைக்கோ வேலணைக்கோ வந்துவிட்டால் அதற்குப் பேர் நெருப்புக் காய்ச்சல். தமிழ்நாட்டுக்காரர் ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். ஏதோ ஒரு கடும் காய்ச்சலை இலங்கைத் தமிழர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். இதில் கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. நோயின் முறையான பெயரே அதுதான். சுகாதாரத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரத்தில் அப்படித்தான் இருக்கும், பத்திரிகைத் தலைப்பிலும் அப்படித்தான். 'தைபோயிட்' என்று பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போடுவதும் உண்டு. அடைப்புக்குறிக்குள் இருப்பதை யார் வாசிக்கிறார்கள்?

குசினியிலும் கிணற்றடியிலும் பிறந்த ஒரு சொல் அரசாங்கக் கடதாசி வரை போய்ச் சேர்ந்தது எப்படி என்பது ஒரு கதை. அந்தச் சொல் குறித்த நோய், வைத்தியன் கையை விரித்துவிடும் நோயாக இருந்து, இரண்டு கிழமைக் குளிசையில் தீர்கிற நோயாக மாறியது இன்னொரு கதை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பெயருக்கு நியாயம் செய்ததாகும்.

யாழ்ப்பாணத்தார் நோய்க்குப் பேர் வைக்கும்போது கண்ணால் கண்டதை நம்புகிறவர்கள். கண் மஞ்சளித்தால் செங்கண்மாரி. கன்னத்தடி வீங்கினால் கூகைக்கட்டு. இருமி இருமி மூச்சு இழுத்தால் குக்கல். உடம்பு வில்லாக வளைந்தால் ஏற்புவலி. மேல் முழுக்கச் சிறுமணியாகப் போட்டால் சின்னமுத்து, நீர் கோத்த கொப்புளமாகப் போட்டால் கொப்புளிப்பான். காய்ச்சலிலும் இதே கண்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கத்தோடு வந்தால் அது முறைக் காய்ச்சல். அந்த 'முறை' மலேரியாக் கிருமி உடம்புக்குள் போடுகிற கணக்கு. பிற்காலத்தில் வந்த பெயர்கள் வேறு விதம். எலிக் காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் என்பவை நோயைக் காவி வருகிறவனின் பெயரைச் சொல்பவை. அப்படிப் பேர் வைக்க ஆய்வுகூடம் ஒன்று வேண்டும். 2024 டிசம்பரில் வடக்கில் சனம் அடுத்தடுத்துக் காய்ச்சலில் இறந்தபோது பத்திரிகைகள் முதலில் மர்மக் காய்ச்சல் என்று எழுதின. எலிக் காய்ச்சல் என்று பரிசோதனையில் தெரிந்ததும் 'மர்ம' போய்விட்டது. ஆய்வுகூடம் இல்லாத காலத்தில் இப்படிப் பெயரைத் திருத்த வழியில்லை. நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொன்னதுதான் பெயர்.

காய்ச்சல் என்ற சொல்லுக்குள்ளேயே சூடு இருக்கிறது. வெயில் காய்கிறது, நெல் காய்கிறது, உடம்பும் காய்கிறது. "பிள்ளைக்கு மேல் காயுது" என்பதுதான் இன்றும் தீவுப்பக்கத்துப் பேச்சு. வடமொழிவழி வந்த சுரத்துக்கும் எரிதல் என்பதுதான் அடி. கிரேக்கர் காய்ச்சலுக்கு வைத்த 'பிரெட்டோஸ்' என்ற சொல்லும் நெருப்பைக் குறிக்கும் 'பிர்' என்பதிலிருந்து வந்ததே. ஆகவே காய்ச்சலுக்கு முன்னால் இன்னொரு தரம் நெருப்பைக் கொண்டுவந்து வைப்பது, நன்னூலாரின் பத்துக் குற்றங்களில் ஒன்றான கூறியது கூறல் என்று ஒரு பண்டிதர் சொல்லக்கூடும். ஆனால் வீட்டில் இருந்தவர்களுக்கு அது தேவையாக இருந்தது. தடிமனோடு வரும் காய்ச்சல் மல்லித்தண்ணியும் வேர்க்கொம்பும் குடித்தால் மூன்றாம் நாள் போய்விடும். முறைக் காய்ச்சல் இடையில் ஒருநாள் ஓய்வு தரும். எந்தக் குடிநீருக்கும் இறங்காமல், ஓய்வும் தராமல் எரிந்துகொண்டே இருக்கிற இந்த ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். அதற்கு நெருப்பு என்றார்கள்.

மருந்தில்லாத காலத்தில் அந்த எரிதல் எப்படி இருந்தது என்பதைப் பழைய மருத்துவப் புத்தகங்கள் கிழமைக் கணக்கில் எழுதி வைத்திருக்கின்றன. முதல் கிழமையில் காய்ச்சல் படிப்படியாக ஏறும். காலையில் சற்று இறங்கும், பின்னேரம் நேற்றையதைவிட ஒரு படி கூட நிற்கும். தலையிடி, வயிற்றுநோ, சாப்பாட்டில் மனமில்லாமை. நாக்கின் நடு வெள்ளை படர்ந்தும் ஓரம் சிவந்தும் இருக்கும். இரண்டாம் கிழமையில் காய்ச்சல் 39, 40 பாகையில் ஏறி அங்கேயே நின்றுவிடும். இந்த இடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. காய்ச்சல் ஏறினால் நாடியும் ஏறவேண்டும். இந்தக் காய்ச்சலில் பல பேருக்கு நாடி அந்த அளவுக்கு ஏறாது. கைநாடி பார்த்து நோய் சொல்லும் பரியாரிக்கு இது பெரிய சங்கடமாக இருந்திருக்கும். வயிற்றிலும் நெஞ்சிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும் என்றும் புத்தகங்கள் சொல்கின்றன. அது வெள்ளைத்தோல் பார்த்து எழுதியது. நம்முடைய நிறத்தில் அந்தப் புள்ளியைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அதனால்தானோ என்னவோ நம்மவர் வைத்த பெயரில் புள்ளிக்கு இடமில்லை.

மூன்றாம் கிழமைதான் பயங்கரம். நோயாளி கண்ணைத் திறந்தபடி கிடப்பார், ஆனால் எதையும் பார்க்கமாட்டார். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். கை போர்வையின் நூலைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும், அல்லது காற்றில் எதையோ பொறுக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நிணநீர்த் திட்டுகள் புண்ணாகி இருக்கும். அந்தப் புண்ணில் இரத்தம் கசியலாம், குடல் ஓட்டையாகியும் போகலாம். ஓட்டையானால் அந்தக் காலத்தில் பிழைப்பது அரிது. இதையெல்லாம் தாண்டினவருக்கு நாலாம் கிழமையில் காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கும். மருந்தில்லாத நாட்களில் நூறு பேருக்கு வந்தால் பத்து முதல் இருபது பேர் வரை செத்தார்கள்.

"நெத்தியில நெல்லைப் போட்டாப் பொரியும்" என்று பழைய ஆச்சிமார் சொல்வது இந்த இரண்டாம் கிழமையைத்தான். எழும்பி நடமாடத் தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டும். நீண்ட கடும் காய்ச்சலுக்குப் பிறகு மயிர்க்கால்கள் ஒன்றாக ஓய்வுக்குப் போவதால் வருவது அது, பிறகு முளைத்துவிடும். ஒரு பெண்ணின் மயிர் அடர்த்தி குறைந்ததற்குக் காரணம் கேட்டால் "அவளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து எழும்பினது" என்று சொல்லி முடிக்கிற வழக்கம் யாழ்ப்பாணத்தில் அப்படி வந்ததுதான். பத்தியமும் கடுமை. சோறு இல்லை, கரைச்சல் சாப்பாடுதான்: கஞ்சி, பார்லித் தண்ணி, ஆறவைத்த பால். குடல் பொத்துவிடும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது. பயத்தில் நியாயமுண்டு. ஆனால் மூன்று நாலு கிழமை பட்டினி போட்டதில் நோய் கொல்லாதவரை மெலிவு கொன்றதும் நடந்திருக்கும்.

இனி மேற்கே போவோம். டைபாய்டு என்ற சொல்லின் தலை கிரேக்க மொழியில் இருக்கிறது. 'டைபோஸ்' என்றால் புகை, மூட்டம். அதிலிருந்து மயங்கிய புத்திக்கும் அது பெயரானது. 1760இல் பிரெஞ்சு மருத்துவர் புவாசியே த சோவாஷ் அதை எடுத்து டைபஸ் என்று ஒரு காய்ச்சலுக்குப் பெயராக்கினார். 1829இல் பாரிசில் பியர் லூயி, பிரேதங்களைத் திறந்து பார்த்துக் குடற்புண் உள்ள காய்ச்சலை விவரித்து டைபாய்டு என்றார். அதாவது 'டைபஸைப் போன்றது'. பேன் காவுகிற டைபஸும் குடலைப் புண்ணாக்குகிற இதுவும் வேறு வேறு நோய்கள் என்பதை 1837 அளவில் பிலடெல்பியாவில் வில்லியம் கெர்ஹார்ட் பிரித்துக் காட்டினார். 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் வில்லியம் ஜென்னர் அதை ஐயமற நிறுவினார். ஆனால் 'போன்றது' என்ற வால் மட்டும் கழலவில்லை. உலகம் முழுக்க இன்று சொல்கிற பெயர், இந்த நோய்க்குச் சொந்தமில்லாத இன்னொரு நோயின் சாயல்தான்.

ஒரே படுக்கையைப் பார்த்து இரண்டு ஊர்க்காரர் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். கிரேக்கச் சொல் பிடித்தது மூன்றாம் கிழமையின் மூட்டத்தை. யாழ்ப்பாணத்துச் சொல் பிடித்தது இரண்டாம் கிழமையின் எரிவை. அங்கே புகை, இங்கே நெருப்பு. என்னைக் கேட்டால் நம்முடையதே திருத்தம். மூட்டம் எல்லாருக்கும் வருவதில்லை, எரிவு வராதவர் குறைவு.

சிங்களத்தில் இந்த நோய்க்கு உணசன்னிபாதய என்று பெயர். உண என்றால் காய்ச்சல். சன்னிபாதம் ஏட்டு வைத்தியத்தின் சொல்: வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்டுக் கிளம்பும் நிலை. சித்த வைத்தியமும் சன்னிபாத சுரத்தைப் பதின்மூன்று வகையாகப் பிரித்துச் சொல்லும். சன்னி கண்டு பிதற்றுகிறான் என்ற வழக்கும் அதிலிருந்து வந்தது. செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசர் பெயரால் வைத்திய நூல்கள் வைத்திருந்த நாடு யாழ்ப்பாணம். சன்னிபாதம் என்ற சொல் இங்கே தெரியாமல் இல்லை. இருந்தும் பொதுச்சனம் ஏட்டுச் சொல்லைப் பரியாரியிடமே விட்டுவிட்டுத் தன் சொல்லை வைத்துக்கொண்டது. அயல்மொழிக்காரர் ஏட்டுச் சொல்லைப் பொதுப் பெயராக்கினார்கள், நாம் வீட்டுச் சொல்லை ஆக்கினோம்.

ஏட்டு வைத்தியத்தில் இன்னொரு பிரிவினை உண்டு. மருந்துக்குப் படிவது சாத்தியம், படியாதது அசாத்தியம், மருந்து கொடுக்கும்வரை அடங்கிக் கிடந்து, நிறுத்தினால் தலைதூக்குவது யாப்பியம். எந்த நோயை எடுப்பது, எதை விடுவது என்று பரியாரி தீர்மானிப்பது இந்தக் கணக்கில்தான். நாடி பார்ப்பார், நாக்குப் பார்ப்பார், கூப்பிட வந்த ஆளின் நிலையையும் பேச்சையும்கூடப் பார்ப்பார். தூதன் இலக்கணம் என்று அதற்கொரு பகுதியே உண்டு. அசாத்தியம் என்று கண்டால் மருந்துப் பெட்டியைத் திறக்காமல் எழும்பிப் போவது குறையல்ல, நேர்மை. நெருப்புக் காய்ச்சல் இந்த மூன்று அறைக்குள்ளும் அடங்காத ஒன்று. நூறில் எண்பது, தொண்ணூறு பேர் எந்த மருந்தும் இல்லாமலே பிழைப்பார்கள். மிச்சப் பேர் எந்த மருந்துக்கும் பிழைக்கமாட்டார்கள். ஆரம்பத்தில் பார்த்து இன்னார் இந்தப் பக்கம் என்று சொல்ல எவராலும் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மேற்கத்திய மருத்துவருக்கும் இதே நிலைதான். அவர்களிடம் நல்ல பெயரும் நல்ல விவரணையும் இருந்தன, மருந்து இல்லை.

அப்படி ஒருவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். அடுத்த ஆண்டு மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்க்கத் தொடங்கினார், அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் இளைஞரை மருத்துவர் ஆக்கினார். 1864 அளவில் இருந்து அவர்களுக்குத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்காக ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்: 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், பிறகு கெமிஸ்தம், மனுஷ சுகரணம். சொல் தேடுவதில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழியில் எடு, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. ஊரில் ஒரு சொல் நடமாடும்போது புதிதாக ஒன்றைச் செய்து தலையில் கட்டாதே என்பதுதான் இதன் சாரம். செங்கண்மாரியும் ஏற்புவலியும் நெருப்புக் காய்ச்சலும் பிற்கால அரச சுகாதாரத் தமிழில் தலைநிமிர்ந்து இருக்கின்றன என்றால், வீட்டுச் சொல்லுக்கும் வைத்தியப் புத்தகத்தில் இருக்கை உண்டு என்ற அந்த மானிப்பாய்ப் பழக்கம் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் நவீன மருத்துவம் ஆங்கிலத்தில் வந்து ஆங்கிலத்திலேயே நின்றது. நோயாளியும் மருத்துவரின் சொல்லையே எடுத்துக்கொண்டார்.

பெயர் சரி, நோய் எங்கிருந்து வந்தது? நெருப்பு என்ற பெயர் இந்த இடத்தில் கொஞ்சம் கண்ணைக் கட்டுகிறது. சூட்டைப் பார்த்தவர்கள் சூட்டையே காரணமாகவும் எண்ணினார்கள். வெயிலில் அலைந்தது, உடம்பில் உட்சூடு ஏறினது, சூட்டுச் சாப்பாடு என்று. இந்த நெருப்பு வந்தது தண்ணீரில்.

இங்கிலாந்தில் வில்லியம் பட் என்ற ஊர் வைத்தியர் 1839இல் தன் கிராமமான நோர்த் டோட்டனில் வீடுவீடாக இந்தக் காய்ச்சல் போன பாதையைக் குறித்து வைத்தார். நோயாளியின் மலம் தண்ணீரில் சேர்ந்து அடுத்தவர் வாய்க்குப் போவதுதான் வழி என்று வாதாடி 1873இல் புத்தகமும் எழுதினார். கெட்ட காற்றுத்தான் காரணம் என்று பெரிய பெரிய டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1880இல் எபெர்த் கிருமியை நுணுக்குக்காட்டியில் கண்டார். 1884இல் காஃப்கி அதை வளர்த்துக் காட்டினார். மனிதரைத் தவிர வேறு எந்த உயிரிலும் இயற்கையாகத் தங்காத கிருமி இது. எலியையோ நுளம்பையோ குற்றம் சொல்ல வழியில்லை. ஒரு மனிதரின் குடலிலிருந்து இன்னொரு மனிதரின் வாய்க்குப் போவதற்கு ஒரு கிணறு போதும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கடலின் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் சொன்ன கணக்கு. ஆழமாகத் தோண்டினால் உவர். ஆகவே ஆழமில்லாத கிணறுகள். அந்தச் சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. மலசலகூடக் குழியிலிருந்து இறங்கும் தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமல் வெடிப்பு வழியே அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போய்விடும். காணி சின்னது, குழியும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில். இலங்கையில் நெருப்புக் காய்ச்சல் என்றால் யாழ்ப்பாண மாவட்டம் ஆண்டாண்டாக முன்வரிசையில் நிற்பதற்கு இந்தப் பாறை ஒரு முக்கிய காரணம்.

வேலணையில் சாட்டி கொஞ்சம் அதிர்ஷ்டமான இடம். வெள்ளைக் கடற்கரை என்று யாழ்ப்பாணத்துச் சனம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூட்டமாகப் போகிற அதே சாட்டிதான். பண்ணைப் பாலத்தைத் தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாகப் போனால் மணல் மேடுகள் தொடங்கும். சிந்தாத்திரை மாதா கோயிலும் அங்கேதான். கடலில் குளித்துவிட்டு வந்தவர்கள் உப்புக் கழுவ நல்ல தண்ணீர்க் கிணறு கடலுக்குப் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர் அதிசயப்படுவார்கள். மணல் செய்கிற வேலை அது: மழையைப் பிடித்து வைக்கிறது, மெதுவாக இறக்குகிறது, இறக்கும்போது ஓரளவு வடிகட்டியும் கொடுக்கிறது. வெடித்த கல் அந்த வேலையைச் செய்யாது. தீவுப்பகுதியில் நல்ல தண்ணீர் இல்லாத ஊர்களுக்குச் சாட்டிப் பக்கத்துக் கிணறுகள் கைகொடுத்து வந்திருக்கின்றன. தண்ணீர்ப் பவுசர் வரும் நாளில் வாளியும் கானும் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருப்பது புங்குடுதீவுப் பக்கத்தாருக்குப் புதிதல்ல. ஆனால் கிணற்றில் தண்ணீர் நல்லதாக இருந்தால் போதாது. அதை அள்ளுகிற வாளி, ஊற்றுகிற தாங்கி, மொள்ளுகிற கை மூன்றும் நல்லதாக இருக்கவேண்டும். நல்ல மணலைக் கட்டட வேலைக்கு அள்ளிக்கொண்டு போனால் அந்த வில்லையும் மெலியும் என்பது இன்னொரு வயிற்றெரிச்சல்.

கை என்று சொன்னதற்குக் காரணமுண்டு. நோய் மாறிய பிறகும் நூறில் இரண்டு மூன்று பேரின் பித்தப்பைக்குள் கிருமி தங்கிவிடும். அவருக்கு ஒரு குறையும் இருக்காது. நியூயோர்க்கில் மேரி மாலன் என்ற ஐரிஷ் சமையற்காரி அப்படிப்பட்டவர். சமைத்த வீடுகளில் எல்லாம் காய்ச்சல் வந்ததைக் கண்டு 1907இல் பிடித்து நோர்த் பிரதர் என்ற சின்னத் தீவில் வைத்தார்கள். 1910இல் விட்டார்கள், அவர் பெயரை மாற்றி மறுபடி சமைக்கப் போனார். 1915இல் திரும்பப் பிடித்து, 1938இல் சாகும்வரை அதே தீவில் வைத்திருந்தார்கள். தன் உடம்பில் நெருப்பே எரியாத ஒருத்தி மற்றவர்களுக்கு நெருப்பு வைக்கிறாள் என்றால் அவளால் நம்ப முடியவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

மருந்து வந்த கதைக்கு மலாயா போகவேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கு அந்நியமான இடமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலைக்குப் போய் மலாயன் பென்சனோடு திரும்பி வந்தவர்கள் கட்டிய வீடுகள் இன்னும் குடாநாட்டில் நிற்கின்றன. 1947இல் வெனிசுவேலா மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரில் குளோராம்பெனிகோல் என்ற மருந்து கிடைத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று அதைக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவந்தது. வந்தது நெருப்புக் காய்ச்சலுக்காக அல்ல, நாம் உண்ணிக் காய்ச்சல் என்கிற டைபஸ் வகை நோய்க்கு அதைச் சோதித்துப் பார்க்க. அந்த நோய் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் இருவருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் சுகமாகினார்கள். உடனே ஜோசப் ஸ்மேடல், தியடோர் வுட்வார்ட் முதலியோர் டைபாய்டு நோயாளர் பத்துப் பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிழமைக்கணக்கில் எரிகிற காய்ச்சல் சராசரி மூன்றரை நாளில் இறங்கியது. 1948இலேயே அறிக்கை வந்தது.

ஒரு நூற்றாண்டுக்கு முன் 'டைபஸைப் போன்றது' என்று பெயர் வைக்கக் காரணமான அதே மயக்கம் கோலாலம்பூரில் திரும்ப நடந்திருக்கிறது. ஒன்றை மற்றொன்றாக நினைத்ததில் மருந்து கிடைத்தது. இப்போதும் யாழ்ப்பாணத்தில் மாரி காலம் தொடங்கினால் டெங்கு, எலி, உண்ணி, நெருப்பு என்று நாலையும் பிரித்தறிய மருத்துவர்கள் படுகிற பாடு சொல்லி முடியாது. முதல் மூன்று நாள் எல்லாம் ஒரே முகம்தான் காட்டும்.

மருந்து வந்ததும் நூற்றுக்குப் பத்து, இருபது என்றிருந்த சாவு நூற்றுக்கு ஒன்று அளவுக்கு இறங்கியது. மூன்றாம் கிழமை என்ற ஒன்றே பலருக்கு இல்லாமல் போயிற்று. இன்றைய இளம் மருத்துவர் பலர் போர்வை நூலைப் பிடுங்குகிற நோயாளியைப் புத்தகத்தில்தான் கண்டிருப்பார்கள். பெயரில் உள்ள நெருப்பைச் சனமும் மறந்துவிட்டது. சொல் நாக்கில் இருக்கிறது, அதன் சூடு போய்விட்டது. ஆனால் குளோராம்பெனிகோலின் ராச்சியம் கால் நூற்றாண்டுதான். 1972இல் மெக்சிக்கோவில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமி பெரிய தொற்றாகக் கிளம்பியது. அதே ஆண்டு நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டிலும் அடங்காக் கிருமியைக் கண்டு எழுதினார்கள். பிறகு அடுத்த மருந்து, அதற்கும் அடுத்த மருந்து. 2016இன் கடைசியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் கிளம்பிய வகைக்கு வாயால் குடிக்கிற மருந்தில் அசித்ரோமைசின் ஒன்றுதான் மிஞ்சியது. அந்த ஹைதராபாத்துக்கு உதவிய தடுப்பூசி வந்தது இந்தியாவின் ஹைதராபாத்திலிருந்து. பாரத் பயோடெக் செய்த அந்த ஊசியை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. 2019இல் பாகிஸ்தான் அதைக் குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்த்தது.

நம் பக்கத்தில் உணவகங்களில் வேலை செய்கிறவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் நெருப்புக் காய்ச்சல் ஊசி போடுகிறார்கள். கடற்கரையில் கொத்து ரொட்டி போடுகிறவருக்கும் சர்பத் கலக்குகிறவருக்கும் அது பொருந்தும். கிணற்றுக்குக் குளோரின் போடுகிறார்கள். 'கொதித்தாறிய நீரைப் பருகுங்கள்' என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். தண்ணீரில் வருகிற நெருப்பை நெருப்பில் வைத்த தண்ணீரால் தடுக்கிற வேலை அது.

பெயர் இன்னும் செய்கிற ஒரு பிழை உண்டு, அது மருந்து குடிக்கும்போது வரும். நெருப்பு என்று பேர் இருப்பதால் சூடு போனதும் நோய் போய்விட்டதாக எண்ணுகிறோம். மருந்து தொடங்கி மூன்று முதல் ஐந்து நாளில் சூடு போய்விடும். கிருமி போவதற்கு, மருந்தைப் பொறுத்து, ஏழு நாளோ பதினாலு நாளோ பிடிக்கும். இடையில் நிறுத்தினால் சில பேருக்குத் திரும்ப வரும், தப்பிப் பிழைத்த கிருமி மருந்தைப் பழகிக்கொள்ளும். தீவுப்பக்க ஆசுபத்திரிகளில் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கும்:

"ஐயா, பொடியனுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது. இனியும் குளிசை குடுக்கோணுமோ?"

"ஓம் அம்மா. கிடக்கிற குளிசை முழுக்கக் குடுத்து முடியுங்கோ."

"நெருப்புத்தான் நூந்திட்டுதே."

"நூந்தது காய்ச்சல். கிருமி இன்னும் குடலுக்குள்ள கிடக்கு. இன்னும் ஒரு கிழமை குடுங்கோ. பேந்து ஒருக்கா மலம் சோதிச்சுப் பாப்பம். அதுமட்டும் அவனைக் கடைக்குச் சமையலுக்கு விடாதேங்கோ."